கணிப்பு 51 என்றது, பந்தயம் ‘இல்லை’ என்றது: 2014 ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் எதை நம்பியிருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பொது வாக்கெடுப்புக்குப் பதினொரு நாட்கள் இருந்தபோது வெளியான ஒரு கருத்துக்கணிப்பு, தனிநாட்டை ஆதரிப்போர் 51 சதவீதம் என்று சொன்னது. அதே நாட்களில் பிரிட்டனின் பந்தய நிறுவனங்கள் ‘இல்லை’ பக்கம்தான் வெல்லும் என்ற கணக்கில் விலை வைத்திருந்தன. கடைசியில் ‘இல்லை’ வென்றது. அப்படியானால் ஆயிரம் பேரைக் கேட்டு எழுதும் கணிப்பை ஒதுக்கிவிட்டு, பணத்தைப் பணயம் வைப்பவர்கள் சொல்லும் விலையையே நம்பினால் என்ன?

நம்பக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். பந்தயம் அந்த முறை சரியாகச் சொன்னது உண்மை. ஆனால் அது எதனால் சரியாகச் சொன்னது என்று பார்த்தால், அடுத்த முறையும் அதே காரணம் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டே ஆண்டுகளில் அதே சந்தை தவறான பக்கத்தில் நின்றது.

முதலில் அந்த 51 சதவீதத்தைப் பார்ப்போம். வாக்கெடுப்பு நடந்தது 2014 செப்டம்பர் 18, வியாழக்கிழமை. ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் யூகவ் நிறுவனத்தின் கணிப்பில் ‘இல்லை’ 22 புள்ளிகள் முன்னால் இருந்தது. அந்த இடைவெளி ஆகஸ்ட் நடுவில் 14 ஆகவும், செப்டம்பர் தொடக்கத்தில் 6 ஆகவும் சுருங்கி, செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை சண்டே டைம்ஸ் இதழில் ‘ஆம்’ 51, ‘இல்லை’ 49 என்று தலைகீழானது. இந்த எண்கள் முடிவு செய்யாதோரை நீக்கிவிட்டுக் கணக்கிட்டவை. அவர்களையும் சேர்த்தால் ‘ஆம்’ 47, ‘இல்லை’ 45. மீதிப் பேர் இன்னும் மனத்தை முடிவு செய்யவில்லை. செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் 51 பெரிய எழுத்தில் வந்தது, அந்த மீதிப் பேர் யார் கண்ணிலும் படவில்லை.

கேட்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்குச் சற்று அதிகம். அந்த அளவு மாதிரிக்குப் பிழை வரம்பு ஏறக்குறைய 3 புள்ளிகள். அதாவது 51 என்று வந்தால், உண்மை நிலை 48 முதல் 54 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு பக்கம் மூன்று கூடினால் மறுபக்கம் மூன்று குறையும் என்பதால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தின் பிழை ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு புள்ளி முன்னிலையை முன்னிலை என்று அழைப்பதற்கே இடமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நியாயமாகச் சொல்லத்தக்க செய்தி ‘இடைவெளி வேகமாகக் குறைகிறது’ என்பது மட்டுமே. அது உண்மையான, பெரிய செய்தி. ஆனால் ‘ஆம் முந்திவிட்டது’ என்பதே செய்தியாகப் பரவியது.

அடுத்த வார இறுதியில் நடந்ததை நான் யாருக்குப் பாடம் சொன்னாலும் எடுத்துக் காட்டுவேன். ஒரே வார இறுதியில் நான்கு நிறுவனங்களின் முடிவுகள் வந்தன. ஐசிஎம் ‘ஆம்’ 54 என்றது. சர்வேஷன் ‘இல்லை’ 54 என்றது. ஒபினியம் ‘இல்லை’ 53 என்றது. பேனல்பேஸ் ‘இல்லை’ மயிரிழையில் முன்னால் என்றது. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே கேள்வி. பதில்கள் எதிரெதிர்த் திசையில். ஐசிஎம் இணையம் வழியாகக் கேட்டது ஏறக்குறைய 700 பேரைத்தான். அந்த அளவுக்குப் பிழை வரம்பு நான்கு புள்ளிகளை நெருங்கும். சர்வேஷன் தொலைபேசியில் கேட்டது. எந்தக் கணிப்பாளரும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு வலைகளை வீசினார்கள், வெவ்வேறு மீன்கள் சிக்கின. நான்கையும் சேர்த்துச் சராசரி எடுத்துப் பார்த்தவர்களுக்கு ‘இல்லை’ ஓரளவு முன்னால் இருப்பது தெரிந்தது. ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கர்ட்டிஸ் வாக்கெடுப்புக்கு முந்தைய காலம் முழுவதும் இந்தச் சராசரியைப் பொறுமையாகத் தொடர்ந்து வந்தார். தனித்தனிக் கணிப்பைப் பார்த்துப் பதறியவர்களைவிட அவரைப் பின்பற்றியவர்களுக்கு நிலைமை தெளிவாகத் தெரிந்தது.

கேட்கும் வரிசைகூட எண்ணை மாற்றும். 2013-இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி ஏற்பாடு செய்த ஒரு கணிப்பு, ‘ஆம்’ ஒரு புள்ளி முன்னால் என்று காட்டியது. அதில் முதலில் வேறு கேள்விகளைக் கேட்டு, சுதந்திர ஸ்காட்லாந்து வெற்றிகரமாக வாழ முடியுமா என்று யோசிக்க வைத்துவிட்டுத்தான் வாக்குக் கேள்விக்கு வந்தார்கள். இதே கவனம் வாக்குச்சீட்டின் வாசகத்திலும் தேவைப்பட்டது. ‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்பதே ‘ஆம்’ பக்கம் தள்ளும் என்று தேர்தல் ஆணையம் கூறியதால் 2013-இல் வாசகம் மாற்றப்பட்டது.

இனி பந்தயத்துக்கு வருவோம். பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அரசியல் முடிவுகளுக்கும் பந்தயம் வாங்குவது சட்டபூர்வமான தொழில். அங்கே விலையைப் பின்னமாகச் சொல்வார்கள். ‘1/4’ என்றால் நான்கு பவுண்டு கட்டினால், வென்றபின் கட்டிய நான்கோடு ஒரு பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும். ஐந்து பவுண்டு திரும்ப வருவதற்கு நான்கு கொடுக்கிறோம் என்பதால், அந்த விலைக்குள் இருக்கும் நிகழ்தகவு ஐந்தில் நான்கு, அதாவது 80 சதவீதம். எதிர்ப்பக்கம் ‘11/4’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினைந்தில் நான்கு, அதாவது ஏறக்குறைய 27 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 107 வருகிறது. நூற்றுக்கு மேலிருக்கும் அந்த ஏழுதான் நிறுவனத்தின் லாப இடம். ஆகவே பந்தய விலையை அப்படியே நிகழ்தகவாகப் படிக்கக்கூடாது. கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கருத்துக்கணிப்பு ‘இன்று வாக்களித்தால் எத்தனை பேர் எந்தப் பக்கம்’ என்று கேட்கிறது. பந்தய விலை ‘அந்த நாளில் எந்தப் பக்கம் வெல்லும் என்று பணம் வைத்திருப்பவர்கள் நம்புகிறார்கள்’ என்று சொல்கிறது. 80 சதவீத வாய்ப்பு என்பது 80 சதவீத வாக்கு ஆகாது. 52 சதவீத வாக்கு வரும் என்று எல்லோரும் உறுதியாக நம்பினால், பந்தய விலை 95 சதவீதம் வரைகூடப் போகலாம். ஒன்று வாக்கின் அளவு, மற்றொன்று நம்பிக்கையின் அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘எது சரி’ என்று கேட்பது, கிலோவையும் கிலோமீட்டரையும் ஒப்பிடுவது போன்றது. அன்று பல செய்தி அறிக்கைகள் அதைத்தான் செய்தன.

பந்தயத்தில் ஆளுக்கொரு வாக்கு என்ற கணக்கும் இல்லை. வில்லியம் ஹில் நிறுவனத்தில் பெயர் வெளியிடப்படாத ஒருவர் ‘இல்லை’ மீது பல தவணைகளில் மொத்தம் 9 லட்சம் பவுண்டு கட்டினார். வென்றபின் அவருக்குக் கிடைத்த லாபம் ஏறக்குறைய 1.93 லட்சம் பவுண்டு. திரும்பி வந்த மொத்தத்தில் அவர் கட்டியது 82 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் ஏற்றுக்கொண்ட விலைக்குள் இருந்த நிகழ்தகவு தெரியும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஒரு பந்தயக் கடையில் ‘ஆம்’ மீது பத்துப் பவுண்டு கட்டுபவர்கள் 90,000 பேர் சேர்ந்தால்தான் அந்த ஒருவருக்கு ஈடாகும். விலையை நகர்த்துவது தொகைதான், தலைகள் அல்ல. தவிர, பந்தயம் கட்டுபவர்களில் பலருக்கு வாக்கே கிடையாது. இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு, லண்டன் பத்திரிகைகளைப் படித்து, எடின்பரோவின் தெருவைப் பார்க்காமலே பணம் கட்டலாம். தன் மனத்துக்கு எதிராகக் கட்டுகிறவர்களும் உண்டு: பிரிவினை வந்தால் வீட்டு மதிப்புக் குறையும் என்று அஞ்சும் ஒருவர், நட்டத்தை ஈடுகட்ட ‘ஆம்’ மீது கட்டி வைப்பார். அது காப்பீடு. அதற்குள் அவருடைய கணிப்பைத் தேடினால் கிடைக்காது.

அப்படியிருந்தும் பந்தயம் ஏன் சரியாகச் சொன்னது? செப்டம்பர் 7 கணிப்பு வந்தபோது ‘ஆம்’ பக்கத்து விலை மாறியது; ஆனாலும் பிரச்சாரக் காலம் முழுவதிலும் சந்தை ஒருநாள்கூட ‘ஆம்’ பக்கத்தை முன்னணியில் வைக்கவில்லை. காரணம், பந்தயக்காரர்கள் கணிப்புகளோடு சேர்த்து ஒரு பழைய அனுபவத்தையும் கணக்கில் எடுத்தார்கள். மாற்றத்தைக் கோரும் பொது வாக்கெடுப்புகளில், கடைசி நேரத்தில் தயங்கி நிற்பவர்களில் கூடுதலானோர் இருப்பதை இருந்தபடியே விட்டுவிடுவார்கள் என்பது அந்த அனுபவம்.

அதற்கு முன்னுதாரணம் கனடாவின் கியூபெக். அங்கே 1980-இல் ஏறக்குறைய 60க்கு 40 என்று தோற்ற தனிநாட்டுக் கோரிக்கை, 1995 அக்டோபர் 30 அன்று மீண்டும் வாக்குக்கு வந்தது. தனிநாட்டை ஆதரித்த தலைவர் லூசியன் புஷார் ‘ஆம்’ பிரச்சாரத்தின் முன்னணிக்கு வந்தபின் நிலைமை தலைகீழாகி, கடைசி வாரக் கணிப்புகளில் ‘ஆம்’ சற்றே முன்னால் இருந்தது. வாக்களித்தோர் 93 சதவீதத்துக்கும் மேல். முடிவு ‘இல்லை’ 50.58, ‘ஆம்’ 49.42, வித்தியாசம் 54,288 வாக்குகள். கியூபெக்கில் கணிப்பை ஆராய்பவர்கள் முடிவு செய்யாதோரைச் சரிபாதியாகப் பிரிக்காமல் ‘இல்லை’ பக்கம் கூடுதலாகச் சேர்ப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். பந்தயக்காரர்கள் ஸ்காட்லாந்துக்கும் அதே உடையைப் போட்டுப் பார்த்தார்கள், பொருந்தியது.

ஸ்காட்லாந்து வாக்கெடுப்பு நாள் இரவு, வாக்களித்து வெளியே வருவோரிடம் கேட்டு எழுதும் எக்சிட் போல் எதுவும் இல்லை. அத்தகைய கணிப்பு முந்தைய தேர்தலில் அதே வாக்குச்சாவடிகளில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் செய்யப்படுவது. இதற்கு முந்தைய தேர்தல் என்று ஒன்று கிடையாது. ஆகவே பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் யூகவ் வெளியிட்ட ‘இல்லை 54, ஆம் 46’ என்ற கணிப்பையும் பந்தய விலையையும் தவிரக் கையில் எதுவும் இல்லை. நள்ளிரவுக்குப் பின் சின்னஞ்சிறு கிளாக்மன்னன்ஷயர் வட்டாரம் முதல் முடிவை அறிவித்தது. ‘ஆம்’ பக்கம் நம்பிக்கை வைத்திருந்த அந்த இடத்திலேயே ‘இல்லை’ ஏறக்குறைய 54 சதவீதம். அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. காலை ஆறு மணியைத் தாண்டி ஃபைஃப் வட்டாரத்தின் முடிவு வந்தபோது கணக்கும் முடிந்தது. மொத்தத்தில் ‘இல்லை’ 20,01,926 வாக்குகள், 55.3 சதவீதம், ‘ஆம்’ 16,17,989 வாக்குகள், 44.7 சதவீதம்.

இந்த எண்ணைக் கவனித்துப் பாருங்கள். கடைசி நாட்களின் கணிப்புகள் பெரும்பாலும் ‘இல்லை’ 52 அல்லது 53 என்றன. வென்ற பக்கத்தைச் சரியாகச் சொன்னாலும், எல்லாமே ஒரே திசையில் தவறின. தவறு தற்செயலானதாக இருந்தால் சில இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் சிதறியிருக்க வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்ததற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. தயங்கியவர்கள் கடைசியில் ‘இல்லை’ பக்கம் போனார்கள் என்பது ஒன்று. ‘ஆம்’ ஆதரவாளர்கள் நீல வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, சன்னலில் சுவரொட்டி ஒட்டிப் பெருமையோடு பேசியபோது, மறுபக்கத்தார் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. எனக்கு மூன்றாவதுதான் மிகவும் உறுதியானதாகப் படுகிறது, ஏனென்றால் அதை எண்ணிப் பார்க்க முடியும். அது வாக்குப்பதிவு சதவீதம்.

நாடு முழுவதும் 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 16, 17 வயதினருக்கும் வாக்கு இருந்தது. இதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே போகாத ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பதிவு செய்திருந்தார்கள். ‘ஆம்’ வென்ற வட்டாரங்கள் முப்பத்திரண்டில் நான்கு மட்டுமே: டண்டீ, மேற்கு டன்பார்ட்டன்ஷயர், கிளாஸ்கோ, வடக்கு லானார்க்‌ஷயர். ஆனால் கிளாஸ்கோவில் வாக்களித்தோர் 75 சதவீதம், நாட்டிலேயே மிகக் குறைவு. டண்டீயில் 78.8. வசதியான, ‘இல்லை’ பக்கம் சாய்ந்த கிழக்கு டன்பார்ட்டன்ஷயரிலோ 91. கிளாஸ்கோவின் 75 வேறெந்தத் தேர்தலிலும் வியப்பூட்டும் எண்ணாக இருந்திருக்கும். அன்று அது போதவில்லை. தொலைபேசியில் ‘நிச்சயம் வாக்களிப்பேன்’ என்று சொல்வது எளிது. வேலை முடிந்து, மழையோ இருட்டோ பாராமல் சாவடிக்குப் போவதற்கு வேறொரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வயதோடும் வசதியோடும் சேர்ந்தே இருக்கிறது. இதைக் கருத்துக்கணிப்பும் முழுமையாகப் பிடிக்கவில்லை, பந்தயமும் தெரிந்து சொல்லவில்லை.

இளைஞர்கள் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. வாக்கெடுப்பு முடிந்தவுடன் ஆஷ்கிராஃப்ட் பிரபு வெளியிட்ட கணிப்பை வைத்து, ‘16, 17 வயதினரில் 71 சதவீதம் பேர் ஆம்’ என்று உலகெங்கும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். மொத்தம் இரண்டாயிரம் பேரைக் கேட்ட அந்தக் கணிப்பில் அந்த வயதில் இருந்தவர்கள் 14 பேர். பதினான்கே பேர். அதில் பத்துப் பேர் ‘ஆம்’ என்றால் 71 சதவீதம். ஒரு தலைமுறையின் மனத்தை இதை வைத்துச் சொல்வது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் அநீதி.

இப்போது 2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா என்ற வாக்கெடுப்பு. கணிப்புகள் ஏறக்குறைய சமநிலையைக் காட்டின; இணையவழிக் கணிப்புகள் பலவற்றில் விலகுவோர் முன்னால்கூட இருந்தார்கள். பந்தய விலையோ, வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் ஒன்றியத்தில் தொடர்வதற்கு 80 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்புத் தந்தது. நிறுவனங்களே சொன்ன கணக்கின்படி, பந்தயச் சீட்டுகளின் எண்ணிக்கையில் விலகலுக்குக் கட்டியவர்களே அதிகம். பணத்தின் அளவில் தொடர்வதற்குக் கட்டியதே அதிகம். சிறு தொகை கட்டிய பலர் ஒரு பக்கமும், பெருந்தொகை கட்டிய சிலர் மறுபக்கமும் நின்றார்கள். விலை அந்தச் சிலரையே கேட்டது. வாக்கு எண்ணிக்கையில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ‘தொடர்’ மயிரிழையில் வென்றதும் சந்தை தடுமாறியது. சண்டர்லாந்தில் 61 சதவீதம் பேர் விலகலை ஆதரித்ததும் நொறுங்கத் தொடங்கியது. முடிவு: விலகல் 51.9 சதவீதம்.

‘தயங்குவோர் பழையதையே தேர்வார்கள்’ என்ற 2014-இன் பாடத்தைச் சந்தை அப்படியே ஒப்பித்திருந்தது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு முறை நடக்காது என்றுதான் பொருள். ஒரு முறை தவறியதால் விலை பொய் என்று நிறுவ முடியாது. அதே நியாயப்படி, ஒரு முறை பலித்ததால் அது ஞானம் என்றும் நிறுவ முடியாது. பொது வாக்கெடுப்பு ஒரு தலைமுறையில் ஒன்றோ இரண்டோ வருவது. கிரிக்கெட் போலவோ குதிரைப் பந்தயம் போலவோ ஆயிரம் ஆட்டங்களைப் பார்த்து விலையைச் சீர்செய்துகொள்ள இங்கே வழியில்லை. மேலும் பல தனிநாட்டு வாக்கெடுப்புகளில் முடிவு முன்பே தெரிந்ததுதான். 2011-இல் தெற்கு சூடானில் 98.8 சதவீதம் பேர் பிரிவை ஆதரித்தார்கள், அங்கே எந்தக் கணிப்பும் பந்தயமும் தேவைப்படவில்லை. 2006-இல் 55 சதவீதம் தேவை என்ற நிபந்தனையோடு நடந்து 55.5 சதவீதத்தில் தப்பிப் பிழைத்த மாண்டினீக்ரோவைப் போன்றவை அரிது.

பந்தயத்தைவிடக் கணிப்பு எவ்வளவு கனமான பொருள் என்பதை 2014-இன் கடைசிப் பதினொரு நாட்களே காட்டின. ஞாயிற்றுக்கிழமை 51 வந்தது. திங்கட்கிழமை பவுண்டின் மதிப்பு ஒரு சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஸ்காட்லாந்தோடு தொடர்புடைய வங்கி, காப்பீட்டுப் பங்குகள் விழுந்தன. அன்றே முன்னாள் பிரதமர் கோர்டன் பிரவுன் ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரங்கள் தருவதற்கான கால அட்டவணையை முன்வைத்தார். புதன்கிழமை, நாடாளுமன்றத்தில் பிரதமரிடம் கேள்வி கேட்கும் வார நிகழ்வை விட்டுவிட்டு பிரதமர் டேவிட் கேமரன், எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட், துணைப் பிரதமர் நிக் கிளெக் மூவரும் ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். செப்டம்பர் 16 அன்று டெய்லி ரெக்கார்டு நாளிதழின் முதல் பக்கத்தில் ‘இல்லை’ வென்றால் ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவோம் என்று மூவரும் கையெழுத்திட்ட ‘உறுதிமொழி’ வந்தது. அதன் தொடர்ச்சியாக, எந்த அதிகாரங்களைத் தருவது என்று பரிந்துரைத்த ஸ்மித் ஆணையமும், அவற்றை வழங்கிய 2016-இன் ஸ்காட்லாந்துச் சட்டமும் வந்தன. ஆயிரம் பேரின் பதில், அதுவும் பிழை வரம்புக்குள் அடங்கிய இரண்டு புள்ளி முன்னிலை, ஒரு நாட்டின் அதிகாரப் பங்கீட்டை நகர்த்தியது. அந்த வாரத்தில் பந்தய விலையைப் பார்த்து எந்தத் தலைவரும் ரயில் ஏறவில்லை. பெட்ஃபேர் என்ற பந்தய நிறுவனம் வாக்குப்பதிவுக்கு முன்பே ‘இல்லை’ மீது கட்டியவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. பேசப்பட வேண்டும் என்று செய்த விளம்பரமாகவே நான் அதைப் பார்க்கிறேன். மக்கள் வரிசையில் நிற்கும் முன்பே முடிவு வந்துவிட்டது என்று ஒரு வணிக நிறுவனம் அறிவித்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

உங்கள் கேள்வி அடுத்த வாக்கெடுப்பைப் பற்றியதாகவும் இருக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். 2020-இல் பல மாதங்கள் தொடர்ச்சியாக ‘ஆம்’ முன்னால் இருந்தது. அக்டோபரில் இப்சோஸ் மோரி கணிப்பில் அது 58 சதவீதத்தைத் தொட்டது. 2022 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், லண்டனின் ஒப்புதல் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. தேதியே இல்லாத வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்கும்போது ஒருவர் தன் விருப்பத்தைச் சொல்கிறார். எந்த நாணயம், ஓய்வூதியத்தை யார் தருவார், எல்லை எப்படி இருக்கும் என்று வீட்டுக் கணக்கோடு எடைபோட்டுச் சொல்லும் பதிலாக அது இருக்காது. 2014-இல் அந்த எடைபோடல் கடைசி மாதத்தில்தான் தீவிரமானது. ஆகவே அடுத்த முறை ஒரு கணிப்பு வந்தால், தலைப்பில் உள்ள எண்ணுக்கு முன்பாக முடிவு செய்யாதோர் எத்தனை பேர், கேள்வி எந்த வரிசையில் கேட்கப்பட்டது, அதே வாரத்தின் மற்றக் கணிப்புகள் என்ன சொல்கின்றன என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். தேதி அறிவிக்கப்பட்டபின் கிளாஸ்கோவிலும் டண்டீயிலும் எத்தனை பேர் சாவடிக்கு வருவார்கள் என்பதைக் கவனியுங்கள். பந்தய விலையையும் பார்க்கலாம், தவறில்லை. அதில் எவ்வளவு பேர் கட்டினார்கள், எவ்வளவு பணம் கட்டினார்கள் என்ற இரண்டும் தனித்தனியாக வெளியானால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.